ஊரே நிலவுடைமையாளர்: பாலித் தீவின் தெங்கனான் கிராமம்

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குச் செல்வோரில் பெரும்பாலோர் தென்பகுதிக் கடற்கரைகளைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். தீவின் கிழக்குப் பகுதியில், காரங்காசம் மாவட்டத்து மாங்கிஸ் வட்டத்தில், மூன்று புறமும் குன்றுகள் சூழ அமைந்துள்ள தெங்கனான் பெகிரிங்சிங்கான் என்னும் சிற்றூரை நாடிச் செல்வோர் சிலரே. இவ்வூரில் வாழ்வன சில நூறு குடும்பங்கள். ஆனால் இவ்வூரின் எல்லைக்குள் அடங்கிய நிலமோ 900 ஹெக்டேருக்கும் அதிகம். இதில் பெரும்பகுதி காடும் மரத்தோப்புமாகும். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நன்செய். எஞ்சிய சிறுபகுதியே குடியிருப்பு.

இந்நிலத்தில் ஒரு சாண் கூட வெளியாருக்கு விற்கப்படுவதற்கில்லை. ஒற்றி வைக்கப்படுவதற்கும் இல்லை. சுற்றுலாவின் பெருக்கத்தால் பாலியில் நிலமதிப்பு பன்மடங்கு உயர்ந்துவிட்ட காலத்திலும் இவ்விதி நிலைத்து நிற்கிறது. பொதுச் சொத்து எங்கும் சுருங்கிவரும் இந்நாளில், அது ஓரிடத்தில் எவ்வாறு காக்கப்படுகிறது, அதற்கு யார் என்ன விலை தருகின்றனர் என்பவை ஊரக வளர்ச்சியில் ஈடுபாடுடையோர் அறிய வேண்டியவையாகும்.

கதையும் வரலாறும்

தெங்கனான் மக்கள் தங்கள் நிலவுரிமைக்குச் சான்றாக ஒரு பழங்கதையைச் சொல்வர். பெடாஹுலு அரசனின் வேள்விக் குதிரை காணாமற்போயிற்று. அதைத் தேடிச் சென்ற மக்கள் அதன் உடலைக் குன்றுகளிடையே கண்டனர். இறந்த குதிரையின் நாற்றம் எட்டும் தொலைவு வரையுள்ள நிலம் அவர்களுக்கே என அரசன் அறிவித்தான். எல்லை வகுக்க வந்த அதிகாரியுடன் ஊர்த்தலைவன் நடந்தான். எவ்வளவு தொலைவு சென்றும் நாற்றம் குறையவில்லை. குதிரையின் இறைச்சித் துண்டொன்றைத் தலைவன் தன் ஆடைக்குள் மறைத்து வைத்திருந்தானாம்! இவ்வூரார் இந்திரனை முதன்மைத் தெய்வமாகக் கொண்டாடுவோர் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

கதை எவ்வாறாயினும், நிலம் தனியொருவனுக்கன்றி ஊருக்கே வழங்கப்பட்டது என்பதே அதன் சாரம். டச்சு ஆட்சிக் காலத்து அதிகாரியும் வழக்காற்றுச் சட்ட அறிஞருமான கோர்ன் என்பார் 1933-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் தெங்கனானை ஒரு 'கிராமக் குடியரசு' என்றே பெயரிட்டு அழைத்தார். இந்தியக் கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்று சார்லஸ் மெட்காஃப் 1830-இல் வருணித்தது இங்கு நினைவுக்கு வரலாம். ஆயினும், இந்தியக் கிராமத்தைப் பற்றிய அவ்வருணனையைப் பின்னாளைய ஆய்வாளர் பலர் மிகையெனக் கருதினர். தெங்கனானைப் பொறுத்தவரை அதன் உடைமை விதிகள் எழுத்து வடிவில் உள்ளன.

எழுதப்பட்ட விதிகள்

பாலியின் ஒவ்வொரு வழக்காற்றுக் கிராமமும் 'அவிக்-அவிக்' எனப்படும் ஊர்க்கட்டளைகளைக் கொண்டது. தெங்கனானின் பழைய ஏடுகள் 1841-இல் நேர்ந்த தீ விபத்தில் எரிந்துபோயின. மறு ஆண்டே அவை நினைவிலிருந்து மீண்டும் எழுதப்பட்டன. ஆவணம் அழிந்தால் உரிமையும் அழியக்கூடும் என்பதை அன்றைய ஊரார் உணர்ந்திருந்தனர் போலும்.

இவ்விதிகளின்படி ஊர் எல்லைக்குள் அமைந்த நிலம் சில வகைப்படும். கிராமத்துக்குப் பொதுவானது ஒரு வகை. ஊர்ப்பகுதிகளுக்கும் சங்கங்களுக்கும் உரியது மற்றொரு வகை. கோயில்களுக்கு உரியதும் உண்டு. தனிக் குடும்பங்கள் அனுபவித்து வருவதும் உண்டு. ஆகவே தெங்கனானில் தனியுடைமையே இல்லை என்று கொள்வது பிழையாகும். தனியொருவர் தம் தோட்டத்தை உள்ளூராருக்குள் கைமாற்றலாம். தம் மக்களுக்கு விட்டுச் செல்லலாம். வெளியாருக்கு விற்கவோ ஈடு வைக்கவோ முற்பட்டால் அந்நிலத்தை ஊரே பறிமுதல் செய்யும். அனுபவிக்கும் உரிமை குடும்பத்தினுடையது. நிலத்தை ஊரைவிட்டு அகலவிடாமல் தடுக்கும் உரிமை ஊரினுடையது. உடைமை என்பதை ஒரே உரிமையாகக் கருதாமல், பல உரிமைகளின் தொகுப்பாகப் பகுத்து வைத்திருப்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படையாகும்.

வாரிசுரிமையிலும் இவ்வூர் தனித்து நிற்கிறது. பாலியின் பிற பகுதிகளில் சொத்து தந்தை வழியில் மகன்களுக்கே செல்வது மரபு. 2010-இல்தான் பாலியின் வழக்காற்றுக் கிராமங்களுக்கான பேரவை, மகளுக்கும் ஓரளவு பங்குண்டு என முடிவு செய்தது. தெங்கனானிலோ மகனும் மகளும் சமபங்கு பெறுவது பழைய வழக்கம். இந்தியாவில் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமையை நாடு முழுவதற்குமாக வழங்கிய திருத்தச் சட்டம் 2005-இல் வந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மரமும் கனியும்

நிலத்தின் மீது மட்டுமன்றி, மரத்தின் மீதும் ஊரின் கட்டுப்பாடு உண்டு. பலா, செண்பகம், டுரியன் போன்ற குறிப்பிட்ட சில மரங்களைத் தம் சொந்தத் தோட்டத்தில் நின்றாலும் ஒருவர் தம் விருப்பப்படி வெட்ட முடியாது. மரம் பட்டுவிட்டதா, மூப்படைந்துவிட்டதா என ஊர்ப் பொறுப்பாளர்கள் நேரில் பார்த்த பின்னரே இசைவு கிடைக்கும். வீடு கட்டத் தேவைப்படும் புதுமணத் தம்பதியருக்கு இதில் சலுகை உண்டு.

கனிகளைப் பற்றிய விதி இன்னும் நுட்பமானது. டுரியன், பங்கி உள்ளிட்ட நான்கு வகை மரங்களின் காய்களை அத்தோட்டத்துக்கு உரியவரே ஆயினும் மரத்திலிருந்து பறித்தல் கூடாது. அவை முதிர்ந்து தாமாகவே விழ வேண்டும். விழுந்த கனி பொறுக்குபவருக்கே சொந்தம். அவர் தோட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை. பொருளியல் நோக்கில் இவ்விதிக்குப் பயன்கள் பல. முதிராத காயைப் பறித்துச் சந்தைக்கு விரையும் போட்டி எழுவதில்லை, கிளைகள் முறிவதில்லை, நல்ல விதை மண்ணில் சேர்கிறது. தோட்டமற்ற வீட்டாருக்கும் அதிகாலையில் எழுந்து தேடினால் ஒரு வருவாய் கிடைக்கிறது. தோட்டத்தின் பலனில் ஒரு பகுதி, வரி தண்டுவோர் இல்லாமலே, ஊருக்குள் பகிர்ந்தளிக்கப்பட்டுவிடுகிறது.

உறுப்பினர் யார்?

பொதுச் சொத்தின் பயன் யாருக்கு என்ற வினாவே எந்தக் கூட்டுடைமைக்கும் உரைகல்லாகும். தெங்கனானில் முழு உறுப்பினராக அமைவது தனியாளன்று, திருமணமான தம்பதியரே. கணவனும் மனைவியும் இவ்வூரிலேயே பிறந்தவர்களாக இருத்தல் வேண்டும். உடற்குறையுடையோர் முழு உறுப்பினராவதில்லை. பலதார மணம் புரிந்தோருக்கும் அத்தகுதி இல்லை. பிள்ளைகள் மணம்புரிந்து உறுப்பினராகும்போது பெற்றோர் விலகி இடம் தருகின்றனர். துணையை இழந்தோரும் அவ்வாறே விலகுகின்றனர். அவர்கள் ஊராராகவே நீடித்தாலும், ஊர்ச்சபையின் முதன்மை வரிசையில் அமர்வதில்லை.

ஊர்ச்சபையில் இருக்கை வரிசையும் பொறுப்பு வரிசையும் செல்வத்தையோ கல்வியையோ பொறுத்தவையல்ல. யார் முன்னர் மணமுடித்தார் என்பதைப் பொறுத்தே ஒருவர் படிப்படியாக மேலேறுகிறார். மூத்தோர் அறிவுரை கூற, அவர்களுக்கு அடுத்த நிலையினர் நிர்வாகத்தை நடத்துகின்றனர். தேர்தல் இல்லை, ஆனால் தலைமை ஒரே குடும்பத்தில் தங்குவதும் இல்லை. பொது வயல்களின் நெல் வருவாய் கோயில் திருவிழாச் செலவுகளுக்குப் போக, முழு உறுப்பினர்களுக்கிடையே பங்கிடப்படுகிறது. குடியிருப்பு மனையும் ஊருடையதே. வடக்குத் தெற்காக ஓடும், படிப்படியாக உயரும் அகன்ற வீதிகளின் இருமருங்கிலும் ஏறத்தாழ ஒரே அமைப்பில் வீடுகள் நிற்பதைக் காண்போருக்கு இச்சமத்துவம் விளங்கும்.

இச்சமத்துவத்தின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. வெளியூராரை மணந்தோர் தம் உரிமைகளை இழந்தனர். கட்டளைகளை மீறியோரும் வெளியிலிருந்து வந்து குடியேறியோரும் கிழக்கிலுள்ள பாண்டே என்னும் தனிப்பகுதியில் வாழ நேர்ந்தது. உறுப்பினர் தொகை சிறியதாக இருந்தால்தான் பங்கு பெரியதாக இருக்கும். ஆனால் மிகச் சிறியதாகிவிட்டால் ஊரே நில்லாது. இந்நெருக்கடியைச் சந்தித்த ஊரார், பிற்காலத்தில் திருமண விதிகளில் சிலவற்றைத் தளர்த்தியுள்ளனர்.

உழுவோர் வேறு

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. தெங்கனானின் வயல்களை உழுது பயிரிடுவோரில் பெரும்பாலோர் தெங்கனான் மக்கள் அல்லர். அண்டைக் கிராமங்களைச் சேர்ந்த வாரக் குடிகள். அறுவடையில் அவர்கள் தம் பங்கை எடுத்துக்கொள்ள, எஞ்சியது ஊருக்குச் சேர்கிறது. ஊருக்குள் நோக்கினால் கூட்டுடைமை. ஊருக்கு வெளியே நின்று நோக்கினால், ஊரே ஒரு நிலக்கிழார். இந்தோனேசிய அரசு 1960-இல் நிலச் சீர்திருத்தத்தோடு வார சாகுபடி ஒப்பந்தங்களை முறைப்படுத்தும் தனிச் சட்டத்தையும் இயற்றியது. உழுபவனின் நலனையும் ஊரின் பொதுவுடைமையையும் ஒருங்கே காப்பது எளிய பணியன்று என்பதற்குத் தெங்கனான் ஒரு சான்று.

உழவிலிருந்து விடுபட்ட நேரத்தை இவ்வூரார் நெசவிலும் சடங்குகளிலும் செலவிட்டனர். இவ்வூரின் பெயரோடு இணைந்த 'கிரிங்சிங்' துணி, ஊடையையும் பாவையும் நெய்வதற்கு முன்பே கட்டிச் சாயமேற்றி, பின் இரண்டின் புள்ளிகளும் பிசகாமல் பொருந்த நெய்யப்படுவது. இத்தகைய இரட்டைக் கட்டுச் சாய நெசவு இந்தியா, இந்தோனேசியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளிலேயே மரபாக வழங்கி வந்துள்ளது. இந்தியாவில் குஜராத்தின் பட்டன் நகரத்துப் பட்டோலா இவ்வகையில் புகழ் பெற்றது. பட்டோலாத் துணிகள் பல நூற்றாண்டுக் காலம் இந்தோனேசியத் தீவுகளுக்குக் கப்பலேறின. கிரிங்சிங்கின் செந்நிறம் நுணா இனத்து மரத்தின் வேரிலிருந்து பெறப்படுகிறது. சாயமேற்றும் பணி முற்றுப்பெற ஆண்டுகள் பல ஆகும்.

அரசின் சட்டமும் ஊரின் சட்டமும்

இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டம் வழக்காற்றுச் சமுதாயங்களின் நிலவுரிமையை ஏற்றது. ஆயினும் நாட்டு நலனுக்கு உட்பட்டே ஏற்றது. 1979-ஆம் ஆண்டின் கிராம நிர்வாகச் சட்டம் நாடெங்கும் ஒரே மாதிரியான கிராம அமைப்பைப் புகுத்த முற்பட்டது. பாலியில் அரசு நிர்வாகக் கிராமமும் வழக்காற்றுக் கிராமமும் அருகருகே இயங்கியமையால் ஊர்க்கட்டளைகள் பிழைத்தன. காலம் செல்லச் செல்ல அரசின் போக்கு மாறிற்று. வழக்காற்றுக் காடுகள் அரசுக் காடுகள் ஆகா என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. 2014-ஆம் ஆண்டுக் கிராமச் சட்டம் வழக்காற்றுக் கிராமத்துக்குச் சட்டநிலை தந்தது. 2019-இல் பாலி மாநில அரசு இவ்வமைப்புகளுக்கெனத் தனி ஒழுங்குமுறையை இயற்றியது.

இன்றைய அறைகூவல் வேறு திசையிலிருந்து எழுகிறது. நெசவுத் துணியும் கைவினைப் பொருளும் விற்று வரும் சுற்றுலா வருவாய் வீட்டுக்குரியது, ஊருக்குரியதன்று. பொது வயலின் நெல்லைவிட வீட்டுக் கடையின் வருவாய் மிகும்போது, பொது நிலத்தைக் காக்கும் ஆர்வம் குன்றுமோ என்ற ஐயம் இயல்பே.

இந்தியாவுக்கு உரிய பாடம்

இந்தியாவின் ஏழு மாநிலங்களைச் சேர்ந்த வறட்சிப் பகுதிக் கிராமங்களை ஆராய்ந்து என். எஸ். ஜோதா 1986-இல் வெளியிட்ட முடிவுகள் இங்கு நினைக்கத்தக்கவை. 1950-களின் தொடக்கத்துக்கும் 1980-களின் தொடக்கத்துக்கும் இடையே பொது நிலங்களின் பரப்பு 31 முதல் 55 விழுக்காடு வரை குறைந்தது. இழப்பில் பெரிதும் நலிந்தோர் ஏழைகளே. கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2011-இல் மாநில அரசுகளைப் பணித்தது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குச் சமுதாயக் காட்டின் மீது உரிமை தந்துள்ளது.

சட்டம் உரிமையைத் தரலாம். அதை நாள்தோறும் காப்பது உள்ளூர் விதிகளே. யார் எடுக்கலாம், எப்போது எடுக்கலாம், மீறினால் என்ன நேரும் என்பவை தெளிவாக எழுதப்பட்டு, அனைவராலும் அறியப்பட்டிருப்பதே தெங்கனானின் வலிமை. பிறப்பையும் மணத்தையும் அளவுகோலாகக் கொண்டு பலரை வெளியே நிறுத்தியது அதன் குறை. முன்னதைக் கொண்டு பின்னதைத் தவிர்ப்பது, வயது வந்தோர் அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட இந்தியக் கிராம சபைக்கு இயலக்கூடியதே. அதற்கு முதற்படி, ஒவ்வோர் ஊரும் தன் பொது நிலத்தின் எல்லையையும் விதிகளையும் எழுதி வைப்பதாகும். ஏடு எரிந்தபோதும் மறு ஆண்டே அதனை மீண்டும் எழுதிய சிற்றூர் கற்பிக்கும் பாடம் இதுவே.