ஈராண்டுக் கல்லூரியின் நன்மாணாக்கர்

அமெரிக்க நாட்டில் ‘கம்யூனிட்டி காலேஜ்’ என வழங்கும் ஈராண்டுக் கல்லூரிக்கு முன்னாளில் ‘ஜூனியர் காலேஜ்’ என்று பெயர். நம் நாட்டில் ஒரு காலத்தில் இருந்த இன்டர்மீடியட் வகுப்பை அது ஒருவாறு ஒத்தது. ஆயினும், அங்கே ஈராண்டு முடித்தவர் ஒரு பட்டமும் பெறுவர். பல்கலைக் கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து மேலே படிக்கவும் இயலும். கல்லூரி ஊருக்கு அருகில் இருக்கும், கட்டணமும் குறைவு. குறைந்த செலவில் கிடைக்கும் கல்வியைக் குறைந்த கல்வியென்று கருதும் மனப்பான்மை எங்கும் உண்டன்றோ? அங்கும் உண்டு.

1918-ஆம் ஆண்டில் மிஸ்ஸூரி மாநிலத்து ஜூனியர் கல்லூரிகளின் தலைவர்கள் கூடி, சிறந்த மாணவர்க்கென ‘ஃபை தீட்டா காப்பா’ என்ற சங்கத்தை நிறுவினர். மூன்று கிரேக்க எழுத்துக்களே அதன் பெயர். இவ்வகைச் சங்கத்தைக் ‘கௌரவச் சங்கம்’ என மொழிபெயர்த்தால், ஊதியமின்றி உழைப்போர் கூட்டம் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடும். ஆகவே, ‘நன்மாணாக்கர் சங்கம்’ என்றே கொள்வோம்.

இச்சங்கத்தில் இடம்பெற்றவர் பிரெட் ஹேய்ஸ். மிஸிஸிப்பி மாநிலத்தில் பெர்க்கின்ஸ்டன் ஜூனியர் கல்லூரியில் பயின்றபோது பத்திரிகையாளராகவே விரும்பினார். பின்னர் விமானியானார், ஓக்லஹோமா பல்கலைக் கழகத்தில் பொறியியல் பட்டமும் பெற்றார். 1970 ஏப்ரலில் அப்போலோ-13 விண்கலத்தில் சந்திரனை நோக்கிச் சென்ற மூவருள் அவரும் ஒருவர். வழியில் பிராணவாயுக் கலம் வெடித்தது. தாய்க்கலத்தில் மின்சாரம் ஒடுங்கவே, சந்திரனில் இறங்குவதற்கென இருந்த சிறுகலத்துள் மூவரும் புகுந்தனர். இருவர் இரண்டு நாள் தங்குவதற்கென்று அமைந்த அக்கலம், மூவரை ஏறக்குறைய நான்கு நாள் காக்க வேண்டியதாயிற்று. அதன் ஒவ்வோர் உறுப்பையும் நன்கறிந்தவர் ஹேய்ஸ். இருப்புக்களை அவர் கணக்கிட்டார். கருவிகளைக் குளிர்விக்கும் தண்ணீர், பூமியை அடையச் சில மணி நேரம் இருக்கையிலேயே தீர்ந்துவிடும் என்று தெரிந்தது! ஆகவே, கருவிகள் பலவற்றை நிறுத்தினர். ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி லிட்டர் நீரே அருந்தினர். ஹேய்ஸுக்குக் கடுஞ்சுரம் கண்டது. ஏப்ரல் 17-ஆம் நாள் மூவரும் உயிருடன் கடலில் இறங்கினர். நம்மை வியப்பிலாழ்த்துவது அவரது துணிவினும் அந்தக் கணக்கே.

ஹேய்ஸ் விட்டுச் சென்ற பத்திரிகைத் தொழிலில் புகழ் பெற்றவர், இதே சங்கத்தைச் சேர்ந்த ஜிம் லெஹ்ரர். 1988 முதல் 2012 வரை, குடியரசுத் தலைவர் தேர்தல்களையொட்டிய பன்னிரண்டு தொலைக்காட்சி விவாதங்களை நடத்தியவர் அவர். டெக்ஸாஸ் மாநிலத்து விக்டோரியா கல்லூரியில் படித்த நாளில், பஸ் நிலையத்தில் டிக்கட் விற்றார். பஸ்கள் புறப்படும் நேரத்தையும் அவை செல்லும் ஊர்களின் பெயர்களையும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவர் வேலை. பிற்காலத்திலும் அவ்வூர்ப் பெயர்களை அதே குரலில் வரிசையாகச் சொல்லிக் காட்டுவாராம்.