சாக்குப்போக்கு (கிறித்தவ நோக்கு)

சாக்குப்போக்கு என்பது, ஒருவர் தாம் செய்த தவறுக்கான பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்காகப் பிறர்மீதோ சூழ்நிலைமீதோ பழிபோட்டுச் சொல்லும் காரணம் ஆகும். கிறித்தவ மரபில் இது பாவ அறிக்கைக்கு நேர் எதிரானதாகக் கருதப்படுகிறது. பாவத்தை அறிக்கையிடுபவர் மன்னிப்பு கேட்கிறார். சாக்குச் சொல்பவரோ, தம்மிடம் மன்னிக்கப்பட வேண்டியது ஒன்றுமில்லை என்கிறார்.

விவிலியத்தில்

தொடக்க நூல் (ஆதியாகமம்) 3ஆம் அதிகாரத்தில், விலக்கப்பட்ட கனியைப் பற்றிக் கடவுள் கேட்டதும் ஆதாம் ஏவாளைக் கைகாட்டுகிறார். அவரைத் தமக்குத் தந்தவர் கடவுளே என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஏவாள் பாம்பைக் குறை கூறுகிறார். இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. கனியைக் கொடுத்தவர் ஏவாள், ஏமாற்றியது பாம்பு. ஆனால் தாம் உண்டதை இருவரும் கடைசியில்தான் சொல்கின்றனர். சாக்குப்போக்கு பெரும்பாலும் முழுப் பொய்யாக இருப்பதில்லை. அதனால்தான் சொல்பவரே அதை எளிதில் நம்பிவிடுகிறார்.

விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 32ஆம் அதிகாரத்தில், பொன் கன்றுக்குட்டியை ஆரோன் கருவியால் உருவாக்கியதாகக் கூறப்படுகிறது. மோசே கேட்டபோதோ, மக்கள் தீமையை நாடுபவர்கள் என்றும், பொன்னை நெருப்பில் போட்டதும் கன்றுக்குட்டி வெளிவந்தது என்றும் ஆரோன் சொல்கிறார்.

சவுலும் தாவீதும்

அமலேக்கியரிடமிருந்து கைப்பற்றிய சிறந்த ஆடுமாடுகளை அழிக்காமல் வைத்துக்கொண்ட சவுல் அரசர், அவற்றை மக்களே பலியிடுவதற்காக விட்டுவைத்தனர் என்று சாமுவேலிடம் கூறினார் (1 சாமுவேல் 15). பிறகு பாவத்தை ஒப்புக்கொண்டபோதும், மக்களுக்கு அஞ்சியதே காரணம் என்றார்.

தாவீது அரசரின் குற்றம் மிகக் கொடியது. அவர் பத்சேபாவுடன் தவறான உறவு கொண்டு, அவருடைய கணவர் உரியாவைப் போர்முனையில் சாகச் செய்தார். போரில் வாள் யாரையும் பலி கொள்ளும் என்று படைத்தலைவருக்குச் சொல்லியனுப்பி, அந்தக் கொலையை ஒரு போர்ச் சாவாகவே காட்டினார். ஆனால் நாத்தான் இறைவாக்கினர் நேருக்கு நேர் கண்டித்தபோது, எந்தக் காரணமும் கூறாமல் ஆண்டவருக்கு எதிராகத் தாம் பாவம் செய்ததை ஏற்றுக்கொண்டார் (2 சாமுவேல் 11-12). அவருக்கு மன்னிப்பு கிடைத்தது. எனினும் உரியாவின் உயிர் திரும்பவில்லை, பாவத்தின் விளைவுகளும் நீங்கவில்லை.

அகுஸ்தீன்

புனித அகுஸ்தீன் (354-430), தம் வாழ்வை விவரிக்கும் 'அறிக்கைகள்' நூலில், 16 வயதில் நண்பர்களுடன் பேரிக்காய் திருடியதைப் பற்றி எழுதுகிறார். தமக்குப் பசியோ தேவையோ இருக்கவில்லை என்று தெளிவாகச் சொல்கிறார். மானிக்கேய சமயத்தில் இருந்த காலத்தில், பாவம் செய்வது தாம் அல்ல, தமக்குள் இருக்கும் வேறொரு இயல்பே என்று எண்ணுவது தமக்கு இனிமையாக இருந்ததையும் அவர் ஒப்புக்கொள்கிறார்.

காரணமும் சாக்கும்

எல்லாக் காரணங்களையும் கிறித்தவம் சாக்காகக் கருதுவதில்லை. அறியாமை, கவனக்குறைவு, வற்புறுத்தல், அச்சம், பழக்கம் ஆகியவை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம் அல்லது நீக்கலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (1992) கூறுகிறது. மிரட்டலுக்குப் பணிந்தவரையும் மிரட்டியவரையும் ஒன்றாக எடைபோட முடியாது. காரணம், நடந்தது என்ன என்பதைத் தெளிவாக்குகிறது. சாக்கு, செய்தவரை மறைக்கிறது.

சாக்குப்போக்கினால் பாதிக்கப்படுபவர் இன்னொருவரும் உண்டு. தவறு செய்தவர் பொறுப்பேற்காதபோது, தீங்குக்கு உள்ளானவருக்கு ஈடு செய்ய யாரும் இருப்பதில்லை. வரிதண்டுவோரின் தலைவரான சக்கேயு தம் தொழிலின்மீது பழி போடவில்லை. ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக இயேசுவிடம் கூறினார் (லூக்கா 19). கிறித்தவப் போதனையில் மனமாற்றம் இத்தகைய செயலிலேயே வெளிப்படுகிறது.