இறங்கும் முன் ஏற்றத்தை எண்ணுக

மலையேறும் ஒருவர் முதலில் ஏறுகிறார்; பின்னர் இறங்குகிறார். களைப்பு மிகும்போது அவருக்கு எஞ்சியிருப்பது இறக்கமே. ஆழ்ந்த பள்ளத்தாக்கில் நடப்பவருக்கோ இம்முறை தலைகீழாக அமைகிறது. அவர் புத்துணர்ச்சியுடன் இறங்குகிறார். உடல் தளர்ந்த பின்னர் ஏறுகிறார். இவ்வேறுபாட்டை உணராதவர் பெருந்துன்பத்திற்கு உள்ளாவார். இதனை நன்கு விளக்கும் இடம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் ஆகும்.

பள்ளத்தாக்கின் அமைப்பு

கொலராடோ ஆறு பல இலட்சம் ஆண்டுகளாகப் பாறைகளை அரித்து இப்பள்ளத்தாக்கை உருவாக்கியது. இதன் நீளம் ஏறத்தாழ 446 கிலோமீட்டர்; ஆழம் சில இடங்களில் 1,800 மீட்டருக்கும் மிகுதி. இப்பகுதி 1919ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1979இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாயிற்று.

இங்குள்ள சில குன்றுகளுக்கு இந்தியப் பெயர்கள் வழங்குவது நமக்கு வியப்பளிக்கும். 19ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆராய்ந்த கிளாரன்ஸ் டட்டன் என்னும் நிலவியல் அறிஞர், கோபுரம்போல் உயர்ந்து நின்ற குன்றுகளுக்கு 'விஷ்ணு கோயில்', 'சிவன் கோயில்' எனப் பெயரிட்டார். பள்ளத்தாக்கின் அடியில் காணப்படும், 170 கோடி ஆண்டுகள் பழைமையான பாறையும் பின்னர் விஷ்ணுவின் பெயரைப் பெற்றது.

டேனர் பாதை

பள்ளத்தாக்கினுள் இறங்கப் பல பாதைகள் உள்ளன. சிலவற்றில் குடிநீர்க் குழாய்களும் காவலர்களின் உதவியும் உண்டு. தென் விளிம்பிலுள்ள லிப்பன் முனைக்கு அருகே தொடங்கும் டேனர் பாதையில் அவை இல்லை. ஹோப்பிப் பழங்குடியினர் நெடுங்காலமாகப் பயன்படுத்திய வழி இது. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் சுமார் 1,400 மீட்டர் இறங்கி ஆற்றங்கரையை அடைகிறது. இடையில் நீரூற்று இல்லை. நிழலும் மிகக் குறைவு. செங்குத்தான சில இடங்களில் கற்கள் காலடியில் சரியும்.

வெப்பமும் உடலும்

விளிம்பில் இதமான காற்று வீசும். ஆனால் கீழே செல்லச் செல்ல வெப்பம் உயரும். கோடையில் ஆற்றங்கரையில் 40 டிகிரி செல்சியஸுக்கு மேலும் வெப்பம் நிலவும். வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. வியர்வையுடன் உப்பும் வெளியேறுகிறது. அப்போது உணவு உண்ணாமல் நீரை மட்டும் அளவின்றிப் பருகினால், இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து தலைவலியும் குழப்பமும் உண்டாகும். உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே நீருடன் உப்புள்ள உணவையும் உட்கொள்ள வேண்டும்.

திட்டமிடும் முறை

கோடைக்காலத்தில் இப்பாதையைத் தவிர்ப்பதே அறிவுடைமை. இரவு தங்க விரும்புவோர் பூங்காவின் முன் அனுமதியைப் பெறுதல் வேண்டும். இறங்கும்போதே, திரும்பும் பயணத்திற்குரிய நீரைக் கலங்களில் நிரப்பி வழியில் வைத்துச் செல்வது வழக்கம். அக்கலங்களை மீண்டும் எடுத்துவர வேண்டும். ஆற்றுநீர் பெரும்பாலும் கலங்கியிருக்கும். அதனைத் தெளியவைத்துத் தூய்மைப்படுத்திய பின்னரே பருக வேண்டும்.

ஏறுவதற்கு, இறங்கும் நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் தேவை. 2 மணி நேரம் இறங்கியவர் ஏறுவதற்கு 4 மணி நேரம் ஒதுக்க வேண்டும். 6 லிட்டர் நீருடன் ஒரு நாள் நடைக்குச் சென்றவர், 2 லிட்டர் தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும்.

அவ்வேளையில் ஆறு கண்ணெதிரே மின்னலாம். இன்னும் சிறிது தொலைவுதான் என்று மனம் தூண்டலாம். தெளிந்த காற்றில் தொலைவிலுள்ளவை அண்மையில் இருப்பனபோலத் தோன்றும். ஆற்றைத் தொடாமல் திரும்புவதைச் சிலர் தோல்வி எனக் கருதுவர். ஆனால் பள்ளத்தாக்கில் பயணத்தின் இலக்கு ஆறு அன்று. மீண்டும் விளிம்பில் கால் வைப்பதே இலக்கு. உரிய நேரத்தில் திரும்பும் துணிவே அங்கு உண்மையான வீரம்.

பயிற்சி

1. மலையேற்றமும் பள்ளத்தாக்கு நடையும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. நீரை மட்டும் மிகுதியாகப் பருகுவது ஏன் தீங்கு தரும்?
3. ஒருவர் 9 லிட்டர் நீருடன் இறங்குகிறார். எவ்வளவு நீர் தீர்ந்ததும் அவர் திரும்ப வேண்டும்? காரணம் கூறுக.
4. 'உரிய நேரத்தில் திரும்பும் துணிவே உண்மையான வீரம்' – இக்கருத்தை உங்கள் வாழ்க்கை நிகழ்ச்சி ஒன்றுடன் ஒப்பிட்டு ஐந்து வரிகளில் எழுதுக.