சான்றோர் வாழ்வும் சான்றும்



அறிஞர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வைத்தல் நமது நாட்டிற்குப் புதிய முயற்சியன்று. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து, 1859 ஆம் ஆண்டிலே 'தமிழ் புளூட்டார்க்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். அந்நூலிலே பிழையொன்று காணப்படின் அதற்கு விடையிறுக்க வேண்டியவர் யார் என்பதில் ஐயமில்லை. நூலின் முகப்பில் உள்ள ஆசிரியரின் பெயரே அதற்குப் பிணை.

இன்று மாணவர் முதலில் நாடுவது இணையக் கலைக்களஞ்சியத்தையே. 2001 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியாவில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். எழுதியவரின் இயற்பெயரைக்கூடப் பெரும்பாலும் நாம் அறியோம். அவ்வாறாயின், அங்குள்ள வரலாற்றுக்குப் பிணை யாது? வாக்கியத்தின் இறுதியிலே காட்டப்படும் சான்று ஒன்றுதான்.

அச்சான்று இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதை 2005 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று காட்டிற்று. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோன் சீகெந்தாலர், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் தொடர்புடையவர் என ஐயுறப்பட்டார் என்று, விளையாட்டாக ஒருவர் எழுதிவிட்டார். அப்பொய் நான்கு மாதங்களுக்கு மேலாக எவராலும் நீக்கப்படாமல் இருந்தது. இறந்தவரைப் பற்றிய பிழை வரலாற்றைக் கெடுக்கும். உயிரோடிருப்பவரைப் பற்றிய பிழையோ அவருடைய தொழிலையும் குடும்பத்தையும் மானத்தையும் கெடுக்கும். ஆகவேதான் வாழ்வோரைப் பற்றிய கட்டுரைகளுக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. சர்ச்சைக்கு இடமான செய்தி தக்க சான்றின்றி இருப்பின், விவாதத்துக்குக் காத்திராது உடனே நீக்கப்படல் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது.

சான்று என்பது யாது? ஓர் அறிஞர் இன்ன பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார், இன்ன ஆண்டிலே பேராசிரியரானார் என்பன போன்ற எளிய செய்திகளுக்கு அவர் பணியாற்றும் நிறுவனத்தின் பக்கமோ, அவர் தாமே எழுதிய குறிப்போ போதுமானது. அவருடைய ஆராய்ச்சி சிறப்புடையது என்று கூறுவதற்கு அவை போதா. அவரோடு தொடர்பில்லாத பிறர் எழுதிய மதிப்புரை வேண்டும். நூல் வெளியான ஆண்டை அறிய, நினைவை நம்பாது நூலின் முகப்பையோ நூலகப் பட்டியலையோ பார்த்தல் வேண்டும். சான்றைக் காட்டினால் மட்டும் அமையாது. அதனைத் திறந்து படித்து, நாம் எழுதியதையே அதுவும் கூறுகின்றதா என்று ஒப்புநோக்கல் வேண்டும்.

அச்சிலே வந்ததெல்லாம் சான்றாகுமா எனின், ஆகாது. 2009 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் காலமானபொழுது, டப்ளின் நகர மாணவர் ஒருவர் தாமே புனைந்த கூற்றொன்றை ஜாரின் கூற்றாகக் கலைக்களஞ்சியத்தில் எழுதினார். சான்றில்லை என்று தொகுப்பாளர்கள் அதனை நீக்கினர். அதற்கிடையிலே பத்திரிகைகள் சில அதனை எடுத்து அஞ்சலிக் குறிப்புகளிற் பதிப்பித்துவிட்டன. மாணவர் உண்மையைக் கூறாதிருந்தால், அப்பத்திரிகைகளே பிற்காலத்தில் அப்பொய்க்குச் சான்றாகியிருக்கும். ஆகவே, சான்று எங்கிருந்து செய்தியைப் பெற்றது என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.

இனி, மறுபக்கத்தையும் நோக்குவோம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் டொனா ஸ்டிரிக்லண்ட், லேசர் ஒளித்துடிப்புகளின் ஆற்றலைப் பெருக்கும் முறையை ஜெராட் மூரூவுடன் சேர்ந்து 1985 ஆம் ஆண்டிலே வெளியிட்டவர். 2013 இல் அமெரிக்க ஒளியியற் சங்கத்தின் தலைவராக விளங்கியவர். 2014 இல் அவரைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரை, பிறர் எழுத்தைப் பார்த்தெழுதியது என்று நீக்கப்பட்டது. 2018 இல் எழுதப்பட்ட வரைவோ, காட்டிய சான்றுகள் போதா என்று மறுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 2 ஆந் திகதி அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. 1903 இல் மேரி கியூரி, 1963 இல் மரியா கெப்பர்ட் மேயர் ஆகியோருக்குப் பின், அப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண்மணி அவரே. அவர் வரலாறு அன்றுதான் கலைக்களஞ்சியத்தில் ஏறியது.

இங்கே பிழை யாருடையது? சங்கத் தலைமையொன்றே அவருடைய தகுதிக்குப் போதுமானது என்பதை ஆராயாது மறுத்தவர் மீது ஒரு பங்கு உண்டு. ஆயினும் பெரும்பங்கு வேறிடத்தில் உள்ளது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொண்டாற்றிய ஓர் அறிஞரைப் பற்றி, பிறர் எழுதிவைத்தவை அத்துணைச் சிலவாக இருந்தன. எழுதப்படாத தகுதியைக் கலைக்களஞ்சியம் காட்ட இயலாது. அது உலகம் எழுதியதைப் பிரதிபலிக்கும் கண்ணாடி மாத்திரமே.

எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தி, ஊரிலே வாழும் முதுபெரும் அறிஞர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதி வந்தாள். அவர் எழுதிய நூல்கள் பன்னிரண்டு என்று அதிலே கண்டிருந்தது. "இதற்கு ஆதாரம் யாது?" என்று கேட்டேன். "ஊரில் எல்லாருக்கும் தெரியும், சேர்" என்றாள். நூலகத்திற்கு அனுப்பினேன். ஒன்பது நூல்களைக் கண்டு வந்தாள். பின்னர் அவ்வறிஞரின் வீட்டிற்கே சென்று கேட்டபொழுது, எஞ்சிய மூன்றும் கையெழுத்துப் பிரதிகளாகவே பெட்டியில் கிடப்பதை அறிந்தாள். ஊரார் கூறியது முற்றும் பொய்யன்று. ஆயினும் அச்சேறியவை ஒன்பதே. அவள் ஒன்பது என்றே திருத்தி எழுதினாள்.

நேயர்களே, சான்று கேட்பவரை ஐயக்காரர் என்று நாம் வெறுத்தலாகாது. அறிஞரின் பெயரைப் பொய்யினின்று காப்பவர் அவரே. அவ்வாறே, நம்மிடையே வாழும் அறிஞரைப் போற்றுபவர், புகழுரையோடு நின்றுவிடலாகாது. அவருடைய நூலுக்கு ஒரு மதிப்புரை, அவருடைய பணியைப் பற்றித் திகதியோடு கூடிய ஒரு குறிப்பு, அவர் வாழும்பொழுதே எழுதி அச்சேற்றுதல் வேண்டும். எல்லாருக்கும் தெரிந்தது என்று இன்று நாம் எழுதாது விடுவது, நாளை எவருக்கும் தெரியாததாகிவிடும்.