கூரையைத் தள்ளினால் வானம்

2016 செப்டம்பர் 20 இரவு. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்தில் பூட்டு, சாவித் தொழில் செய்யும் விக்டர் புசோ, வீட்டு மாடியில் அமைத்திருந்த வானாய்வுக்கூடத்தில் புதுக் கேமரா ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். நகர வெளிச்சத்தில் அடிவானம் வெளுத்துக் கிடக்கும்; உச்சிதான் ஓரளவு இருட்டு. அந்த நேரம் தலைக்கு மேலே இருந்த என்ஜிசி 613 என்ற சுருள் விண்மீன் திரளை நோக்கித் தன் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கியைத் திருப்பினார். ஒவ்வொன்றும் 20 வினாடி வீதம் படங்கள் சேர்ந்துகொண்டே போயின. முதல் 40 படங்களில் புதிதாக எதுவும் இல்லை. முக்கால் மணி நேர இடைவெளிக்குப் பிறகு மறுபடி எடுத்தபோது, முன்பு வெறுமையாக இருந்த இடத்தில் ஒரு புள்ளி. படத்துக்குப் படம் அது பிரகாசமாகிக்கொண்டே வந்தது.

சுமார் 8 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு நட்சத்திரம் வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கிளம்பிய அதிர்ச்சி அலை மேற்பரப்பைக் கிழித்து வெளியேறும் கட்டம் அது. வானியலாளர்கள் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த கட்டமும் அதுதான். அப்படி ஒன்று தற்செயலாகக் கேமராவில் சிக்குவதற்கான வாய்ப்பு, மிஞ்சிப்போனால் ஒரு கோடியில் ஒன்று என்று மதிப்பிட்டார் இதை ஆராய்ந்த குழுவின் தலைவர் மெலினா பெர்ஸ்டன். 2018 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரையில், பேராசிரியர்களின் பெயர்களோடு புசோவின் பெயரும் இருந்தது.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. நினைத்தவுடன் திறந்து பார்க்கும்படி ஒரு கூடம் தயாராக நின்றது. அதுதான் விஷயம்.

தொலைநோக்கி வாங்கிய பலருக்கு இந்த வலி தெரியும். முக்காலியைத் தூக்கி மாடி ஏற வேண்டும். குழாயைப் பொருத்தி, எடையைச் சமன்செய்து, வயர்களை இணைத்து, அச்சைத் துருவத்துக்கு நேராக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் மேகம் வந்துவிடும். நாலைந்து முறை இப்படி ஆனால், கருவி பரணுக்குப் போய்விடும். கூடம் இருந்தால் கூரையைத் தள்ளிய ஐந்து நிமிடத்தில் வேலை தொடங்கும்.

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவுக்கு அருகே வசித்த மென்பொருள் நிபுணர் அந்தோணி வெஸ்லிக்கும் வீட்டில் அப்படி ஒரு கூடம் இருந்தது. 2009 ஜூலை 19 இரவு, வியாழனைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர் நடுவில் டிவியில் கிரிக்கெட் பார்க்க உள்ளே போனார். திரும்பி வந்து பார்த்தபோது வியாழனின் தென்துருவப் பக்கம் கன்னங்கரேலென்று ஒரு வடு. ஏதோ ஒன்று அந்தக் கோளில் மோதியிருந்தது. ஹவாயில் உள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதை உறுதிசெய்தது. அப்போதுதான் பொருத்தப்பட்டுச் சோதனையில் இருந்த ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் புதிய கேமராவும், சோதனையை நிறுத்திவிட்டு ஜூலை 23 அன்று அந்த வடுவைப் படம் பிடித்தது. வெஸ்லியிடம் இருந்தது பதினாலரை அங்குலக் கருவி.

இந்த மரபு பழையது. லண்டனின் மேற்குப் புறநகரான ஈலிங்கில் ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் என்ற சுகாதாரப் பொறியாளர், வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குல ஆடித் தொலைநோக்கியை நிறுவினார். 1883 ஜனவரியில் ஓரியன் நெபுலாவை 37 நிமிடம் பதிவுசெய்த அவருடைய படத்தில், கண்ணுக்குப் புலப்படாத நட்சத்திரங்களும் தெரிந்தன. மனிதக் கண்ணைவிடப் புகைப்படத் தகடு அதிகம் காணும் என்று வானியலுக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு வீட்டுத் தோட்டம்.

கூடம் என்றதும் உருண்டைக் குவிமாடம் நினைவுக்கு வரும். அது கட்டாயமில்லை. நான்கு சுவர், மேலே கேட் சக்கரம் வைத்து ஆங்கிள் இரும்பில் ஓடும் தகரக் கூரை. உலகெங்கும் பெரும்பாலான ஆர்வலர்களுக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. குவிமாடம் காற்றையும் பக்கத்து வீட்டு விளக்கையும் நன்றாக மறைக்கும் என்பது உண்மை. செலவும் அதற்கேற்ப ஏறும். நகரும் கூரை புயல் காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கொக்கி போட்டுப் பூட்டுவது அவசியம்.

கூரையைவிட முக்கியமானது தூண். கருவி கூடத்தின் தளத்தில் நிற்கக் கூடாது. அந்தத் தளத்தைத் தொடாத தனித் தூணில் நிற்க வேண்டும். ஆழமாகக் குழி தோண்டிக் காங்கிரீட் போட்டு, அதன்மேல் கனத்த இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றியுள்ள தளத்துக்கும் தூணுக்கும் இரண்டு விரல் இடைவெளி விட்டால், யாராவது நடந்தாலும் படம் ஆடாது. மாடியில் கட்டுபவர்கள் தளத்தின் நடுவில் தூண் வைப்பதைத் தவிர்த்து, கீழே காங்கிரீட் தூணோ பீமோ வரும் இடத்துக்கு நேர் மேலே வைப்பது நல்லது. அதற்கு முன் பொறியாளரைக் கேட்டுவிட வேண்டும். சுவருக்குச் செங்கல் வேண்டாம். பகலில் வாங்கிய சூட்டை அது நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். அந்த வெப்பக் காற்றில் நட்சத்திரம் நடுங்கும். மெல்லிய பலகையோ தகடோ விரைவில் ஆறிவிடும்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கருவியின் அச்சு வானத் துருவத்தை நோக்க வேண்டும். அதன் சாய்வு அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமம். சென்னையில் 13 பாகை, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. அவ்வளவு தாழ்வில் துருவ நட்சத்திரம் தென்னை மரத்துக்கும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் பின்னால் மறைந்துகிடக்கும். வேறு நட்சத்திரம் விலகும் திசையைப் பார்த்துப் பார்த்துத்தான் அச்சைத் திருத்த வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் நிலையான தூணில் ஒருமுறை செய்தால் போதும்.

படமெடுப்பவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஒரே நெபுலாவை 100 முறை எடுத்துக் கணினியில் சேர்த்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். இன்று 20, நாளை 30 என்று பல இரவுகளாகச் சேர்க்க, கருவி நகராமல் இருப்பது எவ்வளவு உதவி! ஹைட்ரஜன் வாயு உமிழும் 656 நானோமீட்டர் சிவப்பொளியை மட்டும் விடும் வடிகட்டி இருந்தால், நகர வெளிச்சத்துக்கு நடுவிலும் நெபுலா தெரியும். லென்ஸில் பூஞ்சை படியாமல் இருக்கச் சிலிக்கா ஜெல், இடிக்கு எர்த்திங் இரண்டையும் மறக்கக் கூடாது.

கருவியின் அளவை நினைத்துத் தயங்க வேண்டாம். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் 1968-ல் வானத்தை நோக்கத் தொடங்கியது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடுதான்.

தூண் நட நினைப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன் காங்கிரீட் வேலையை முடித்துவிடுங்கள். தை மாதத்தில் வானம் தெளியும்போது, இரவு ஒன்பது, பத்து மணிக்கு ஓரியன் நெபுலா ஏறக்குறைய உங்கள் தலைக்கு மேலே இருக்கும்.