லாரியின் உண்மை விலை என்ன?

அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி செல்லும் சாலையோரம் சிறிது நேரம் நின்று பாருங்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் சிமெண்டு ஆலைகளை நோக்கிச் செல்வதைக் காண்பீர்கள். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த கடலடியில் படிந்த கல் அது. அந்தக் கதை இருக்கட்டும். இன்று நாம் லாரியைக் கவனிப்போம்.

ஒருவர் லாரி வாங்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் விலை 30 லட்சம் ரூபாய். மற்றதன் விலை 24 லட்சம். இரண்டும் ஒரே எடையைச் சுமக்கும். "6 லட்சம் மிச்சம்!" என்று அவசரப்படாதீர்கள். முதல் லாரி ஆண்டுக்கு 300 நாள் ஓடுகிறது. மற்றது அடிக்கடி பட்டறைக்குப் போவதால் 240 நாள்தான் ஓடுகிறது. 5 ஆண்டு உழைப்புக்குக் கணக்கிடுங்கள். 30 லட்சத்தை 1,500 நாளால் வகுத்தால் நாளுக்கு 2,000 ரூபாய். 24 லட்சத்தை 1,200 நாளால் வகுத்தாலும் அதே 2,000 ரூபாய்தான்! மிச்சம் எங்கே போயிற்று? இதற்கு மேல் பழுதுபார்க்கும் செலவு வேறு. நின்ற நாளுக்கும் ஓட்டுநர் சம்பளமும் காப்பீடும் உண்டு.

லாரி ஏன் நிற்கிறது? அதில் 100 முக்கியப் பாகங்கள் இருப்பதாகவும், எது கெட்டாலும் லாரி நின்றுவிடும் என்றும் கொள்வோம். ஒவ்வொரு பாகமும் ஓராண்டு பழுதின்றி உழைப்பதற்கான நிகழ்தகவு 0.99. நல்ல பாகங்கள்தாமே என்பீர்கள். ஆனால் 100 பாகங்களும் ஒருசேர உழைக்க வேண்டுமே! ஒன்றின் பழுது மற்றொன்றைச் சாராது என்றால், 0.99ஐ 100 தடவை எழுதிப் பெருக்க வேண்டும். விடை சுமார் 0.37. அதாவது, இத்தகைய 100 லாரிகளில் ஏறக்குறைய 63 லாரிகள் ஓராண்டுக்குள் ஒரு முறையாவது பட்டறை வாசலில் நிற்கும். ஒவ்வொரு பாகத்தையும் 0.999 அளவுக்கு உயர்த்தினால் விடை 0.90 ஆகிவிடுகிறது. பாகத்தில் சிறு உயர்வு, லாரியில் பெரும் மாற்றம்! கூடுதல் விலை இதற்குத்தான் என்றால் கொடுக்கலாம். பளபளப்பான வண்ணத்துக்கு என்றால் வேண்டாம்.

சுரங்கப் பாதையில் இந்த எண்கள் இன்னும் குறையும். கல்தூசி காற்று வடிகட்டியை அடைத்தால் எஞ்சினுக்குப் போதிய காற்று கிடைக்காது. டீசல் முழுதும் எரியாமல் கரும்புகை வரும். அளவுக்கு மீறி ஏற்றிய பாரம் ஸ்பிரிங் பட்டைகளைச் சிறிது சிறிதாகக் களைக்கச் செய்து, ஒரு நாள் முறித்துவிடும்.

அப்படியானால் விலை குறைந்த லாரி யாருக்குமே உதவாதா? பெரம்பலூரில் சின்ன வெங்காயம் ஏற்றுபவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு அறுவடைக் காலத்தில் 100 நாள் ஓடினால் போதும். பழுதுகளை மற்ற மாதங்களில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். 24 லட்சம் லாரி அவருக்குப் பொருந்தும். ஒரே ஒரு நிபந்தனை: ஏற்றிய பிறகு அது வழியில் நிற்கக்கூடாது. சுண்ணாம்புக்கல் மழையில் ஒரு நாள் கிடந்தால் ஒன்றும் ஆகாது. வெங்காயம் நனைந்தால் அழுகிவிடும்.

உங்கள் ஊர் லாரிப் பட்டறையில் கேட்டுப் பாருங்கள்: எந்தப் பாகத்துக்காக லாரிகள் அதிகம் வருகின்றன?