சுண்ணாம்புக்குள் அடைபட்ட ஆகாயம்

கடற்கரைக் கிராமங்களில் கிளிஞ்சலைக் காளவாயிலிட்டுச் சுடுவோர் அறிந்த ஒரு செய்தி உண்டு: உள்ளே போன எடை வெளியே வருவதில்லை. நூறு பலம் கிளிஞ்சல் நன்றாக வெந்தால் ஏறக்குறைய 44 பலம் குறைந்துபோகிறது. குறைந்தது வேறொன்றுமன்று, ஓட்டுக்குள் கல்லாய் இறுகிக் கிடந்த கரியமிலவாயுவே விடுதலை பெற்று ஆகாயத்தில் கலந்துவிட்டது. பூமியில் ஜீவராசிகள் தழைத்ததற்கும் சுக்கிரனில் தழையாமைக்கும் காரணம் தேடுவோர் இந்தக் காளவாயடியிலிருந்தே தொடங்கலாம்.

சுக்கிரனின் விட்டம் 12,104 கிலோமீட்டர். பூமியின் விட்டம் 12,756. உருவத்தால் இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்லத்தக்க இவ்விரண்டில், மாலை வானில் அத்தனை அழகாக ஒளிரும் அந்த வெள்ளியின் தரையிலோ, உஷ்ணம் ஈயத்தையும் உருக்கவல்ல 465 டிகிரி. காற்றின் அழுத்தம் நம்முடையதைப்போல் 90 மடங்குக்கு மேல். அக்காற்றில் நூற்றுக்கு 96 பங்கு கரியமிலவாயு. 1970 டிசம்பரில் அங்கே இறங்கிய சோவியத் விண்கலமான வெனேரா 7, தரையிலிருந்து 23 நிமிஷங்களே செய்தி அனுப்பி அடங்கிற்று.

நமது பூமி அந்த வாயுவைக் குறைவாகப் பெற்றுப் பிறந்ததா என்றால், இல்லை. ஏறத்தாழ அதே அளவு இங்கும் உண்டு. ஆயின், மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு பாறைகளைச் சிறிது சிறிதாக அரிக்க, அரித்ததை ஆறுகள் கடலில் சேர்க்க, கடற்பிராணிகள் அதனைக் கொண்டு ஓடு கட்டி, மடிந்து, அடியில் படிய, கோடிக்கணக்கான ஆண்டுகளில் அவ்வளவும் சுண்ணாம்புப் பாறையாகிவிட்டது. கடலுக்கு வெகு தொலைவிலுள்ள அரியலூர்ச் சுரங்கங்களில் கடற்பிராணிகளின் ஓடுகள் இன்றும் அகப்படுகின்றன. அடைபட்டதில் ஒரு பகுதியை எரிமலைகள் மீண்டும் காற்றுக்குத் திருப்பித் தருகின்றன. வெப்பம் மிகுந்தால் மழை மிகுந்து வாயு அதிகம் சிறைப்படும். குளிர் மிகுந்தால் சிறைப்படுவது குறைந்து, எரிமலை தருவது காற்றில் சேரும். இந்த ஏற்ற இறக்கத்தை வியக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. சூரியனை இன்னும் நெருங்கி நின்ற சுக்கிரனிலோ, நீர் ஆவியாய் மேலெழுந்து கிரணங்களால் பிளவுபட்டு, அதன் ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிட்டது. மழையில்லாத உலகில் அந்த வாயுவைக் கல்லாக்குவது எது?

செவ்வாயின் கதை வேறு. நிறையில் பூமியின் பத்தில் ஒரு பங்கேயாகையால், அது உள்வெப்பத்தை விரைவில் இழந்து, காந்த மண்டலமும் அழிந்து, காற்றைச் சூரியப் புயலுக்குப் பறிகொடுத்தது. எஞ்சிய காற்றின் அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 2012இல் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, அங்கே ஒரு காலத்தில் ஏரி இருந்ததற்குச் சான்றாகப் படிவுப் பாறைகளைக் கண்டது.

ஆகவே, தொலைதூர நட்சத்திரமொன்றின் அருகே வாழத்தக்க கிரகம் கண்டோம் என்று செய்தி வரும்போது, அதன் தூரத்தை மட்டும் பார்த்து மகிழாமல், அங்கே மழை பெய்கிறதா, கரியமிலவாயு காற்றிலிருக்கிறதா கல்லிலிருக்கிறதா என்றும் வாசகர்கள் கேட்க வேண்டுகிறேன்.